ரவுண்டிலிருந்து ஃப்ளாட்டுக்கு: 34 இன்ச் பேஸுக்கு எந்தக் கம்பி, மாட்டிய பிறகு எதையெல்லாம் திருகணும்?

#1 நாலுகம்பி

பேஸ் கிட்டார், ஃபெண்டர் ப்ரிசிஷன் வகை. 34 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 9.5 இன்ச் ரேடியஸ் (ஃப்ரெட் போர்டின் குறுக்கு வளைவு), 20 ஃப்ரெட். கம்பி பிரிட்ஜின் பின்பக்கத் துளை வழியாக வருகிறது, உடலுக்குள் போகும் துளைகளும் உண்டு. இப்போது மாட்டியிருப்பது நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட் (மேலே வட்டக் கம்பி சுற்றியது), 45-65-80-100. ட்யூனிங் E-A-D-G தான். சில பாட்டுக்கு மட்டும் E கம்பியை D-க்கு இறக்க வேண்டியிருக்கிறது.

ஃப்ளாட்வவுண்டுக்கு (மேலே தட்டை நாடா சுற்றியது) மாறலாம் என்று முடிவு. அதே 45-100 ஃப்ளாட் வாங்கினால் செட்டப்பில் கை வைக்காமல் தப்பிக்கலாமா? உடலுக்குள் விட்டு மாட்டினால் சஸ்டெயின் (ஒலி நீடிப்பது) கூடும் என்கிறார்களே, ஃப்ளாட்டுக்கும் அது பொருந்துமா? நட்டை (ஹெட்ஸ்டாக் ஓரத்தில் கம்பி உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) அரத்தால் ராவ வேண்டிவருமா?

#2 மந்த்ரஸ்தாயி

எண்ணை மட்டும் பார்த்து ஃப்ளாட் வாங்காதீர்கள். 45, 100 என்பதெல்லாம் வெறும் தடிமன். இன்ச்சை ஆயிரமாகப் பிரித்த கணக்கு. 100 என்றால் 2.54 மி.மீ., 45 என்றால் 1.14 மி.மீ. அந்தத் தடிமனுக்குள் நடுக்கம்பி எவ்வளவு, மேல் சுற்று எவ்வளவு, சுற்று எத்தனை நெருக்கம் என்பதைக் கேஜ், அதாவது அந்தத் தடிமன் எண், சொல்லாது. நெக்குக்குத் தெரிவது தடிமன் அல்ல, இழுவை. விரலுக்குத் தெரிவது இழுவையோடு விறைப்பும்.

கணக்கு எளிது. ஒரு கம்பியின் இழுவை அதன் எடையைப் பொறுத்து நேராக ஏறும்; ஸ்கேல் நீளத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்து இருமடியாக ஏறும். நீளமும் சுருதியும் உங்களிடம் நிலையாக இருப்பதால் மிச்சம் இருப்பது எடை மட்டும். ஃப்ளாட்டில் வட்டக் கம்பிக்குப் பதில் தட்டையான நாடாவைச் சுற்றுகிறார்கள். ரவுண்டில் சுற்றுக்குச் சுற்று இருக்கும் பள்ளம் இதில் இல்லை, அந்த இடத்திலும் உலோகம்தான். அதனால் அதே தடிமனில் ஃப்ளாட் பெரும்பாலும் கனமாக, கூடுதல் இழுவையோடு வரும்.

'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தொமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட் 43-56-70-100. E கம்பி உங்களிடம் இருக்கும் அதே 100 தான், ஆனால் மாட்டினால் தொளதொளவென்று இருக்கும். நெக் பின்னால் போய்விடும், ட்ரஸ் ராடைத் (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டு) தளர்த்த வேண்டியிருக்கும். மறுகோடியில் லா பெல்லா 760M, 52-73-95-110. மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஸ்டுடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 ப்ரிசிஷனில் வாசித்தது இந்த ரகக் கனக் கம்பியில்தான். அதை உங்கள் பேஸில் மாட்டினால் நட், ட்ரஸ் ராட், சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) மூன்றையும் தொடாமல் ஒரு வேலையும் நடக்காது.

உத்தேச அளவுக்கு: சாதாரண செட்டில் கம்பி ஒன்றுக்கு 35 முதல் 50 பவுண்டு. நாலும் சேர்ந்து ஏறக்குறைய 65 முதல் 90 கிலோ. நெக்கைப் பிடித்து ஓர் ஆள் தொங்கிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆளை மாற்றினால் நெக் நகரத்தான் செய்யும்.

உங்கள் தேவைக்கு இரண்டு வழி. ரவுண்டின் பளிச்சென்ற ஒலி முழுசாகப் போய்விடக் கூடாது என்றால் டி'அடாரியோ குரோம்ஸ் 45-65-80-100. ஃப்ளாட் வகைகளில் இது வெளிச்சமான ஒலி, கையில் கொஞ்சம் விறைப்பு. 'தும் தும்' என்ற பழைய ஒலிதான் வேண்டும் என்றால் லா பெல்லா 760FL, 43-60-82-104. E-ஐ D-க்கு இறக்குபவருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். ஒரு முழுச் சுரம் இறக்கினால் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். E தடிமனாக இருந்தால்தான் D-யில் கொடகொடக்காமல் இருக்கும்.

#3 பின்வரிசை

ஜேமர்சன் சவுண்டுக்குக் கம்பி மட்டும் போதாது தலைவா. பிரிட்ஜ் மூடிக்கு அடியில பஞ்சு ஒட்டியிருக்கும். கம்பி அறுந்தாலொழிய மாத்தவும் மாட்டார். புது ஃப்ளாட்டை மாட்டிட்டு 'அந்த சவுண்டு வரலையே'ன்னு இங்க வந்து புலம்பக் கூடாது.

ஹாஃப்வவுண்ட் பத்தி யாரும் சொல்லலையே? அதுவும் ஒரு வழிதானே.

#4 மந்த்ரஸ்தாயி

ஹாஃப்வவுண்ட் என்பது ரவுண்டாகச் சுற்றிவிட்டு மேற்பரப்பை மட்டும் தேய்த்துத் தட்டையாக்குவது. விரல் உரசும் 'கீச்' சத்தம் குறையும், ஒலி நடுவாந்தரம். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டும் இல்லாத கம்பி என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சண்டைக்கு வரலாம்.

நைலான் டேப் சுற்றிய கறுப்புக் கம்பி வேறு கதை. தடிமன் எண் பெரிதாக இருக்கும், நைலானுக்கு எடை இல்லாததால் இழுவை குறைவு. தடிமன் கூடுவதால் நட் பள்ளத்தில் இறங்காது. ஃப்ரெட்லெஸ்ஸுக்கு நல்லது.

ஒரு சரித்திரக் குறிப்பு. 1951-ல் ப்ரிசிஷன் வந்தபோது ஃப்ளாட்தான் மாட்டி வந்தது. இன்று எல்லோரும் 'சாதாரணம்' என்று நினைக்கும் பளிச் ரவுண்ட், 1966-ல் 'தி ஹூ' குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலும் ரோட்டோசவுண்ட் கம்பி நிறுவனமும் சேர்ந்து ஸ்வின் பேஸ் 66-ஐ உருவாக்கிய பிறகு பரவியது. ஆகவே நீங்கள் புதிதாக எதையும் முயலவில்லை, அந்த பேஸுக்கு அதன் பழைய கம்பியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

(ஸ்வின் இல்லை, ஸ்விங் பேஸ். தட்டச்சுப் பிழை.)

#5 ஊசிஅரம்

உடலுக்குள்ள விட்டு மாட்டுறதை மறந்துடுங்க. ஃப்ளாட்டோட மேல் நாடா தட்டையா, இறுக்கமா இருக்கும். சேடிலைத் தாண்டிக் கம்பி செங்குத்தா கீழ மடங்குற இடத்துல நாடா விரியும், சில நேரம் கீறியே போகும். அப்புறம் அந்தக் கம்பி சுத்தமா பாடாது. நிறைய கம்பெனிக்காரங்க ஃப்ளாட்டுக்கு அதைச் செய்யாதீங்கன்னே சொல்றாங்க.

இழுவை கூடும்னு சொல்றதும் தப்பு. நட்டுக்கும் சேடிலுக்கும் நடுவுல இருக்கிற நீளமும் சுருதியும் ஒண்ணுதான்னா இழுவையும் ஒண்ணுதான். மாறுறது சேடில் மேல கம்பி அழுத்துற கோணம் மட்டும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து பிரிட்ஜ்ல கம்பியோட குண்டு உட்கார்ற இடத்துலேருந்து நட் வரைக்கும் அளங்க. கம்பியோட தலைப் பக்கம் பட்டு நூல் சுத்தியிருக்கும். அந்தப் பட்டு ஆரம்பிக்கிற இடம் நட்டைத் தாண்டித்தான் இருக்கணும். பட்டு நட் மேலயே உட்கார்ந்தா திறந்த கம்பி மந்தமா கேட்கும். 34 இன்ச்சுக்கு 'லாங் ஸ்கேல்'னு போட்ட செட் சரியா வரும். மீடியம், ஷார்ட் வாங்கிட்டா பட்டு ஃப்ரெட் போர்டு மேல வந்துடும். லாங் ஸ்கேலை ஷார்ட் ஸ்கேல் பேஸ்ல மாட்டுனா தடிமனான பகுதியே சுருதிக் கீயோட தண்டுல சுத்த வேண்டி வரும். ஃப்ளாட்ல அப்படிச் சுத்துனா நாடா பிளந்துடும்.

#6 நாலுகம்பி

அளந்தேன், பட்டு நட்டைத் தாண்டுகிறது. 760FL சொல்லியாயிற்று. ஒரு ஃப்ளாட் செட் விலைக்கு இரண்டு ரவுண்ட் செட் வாங்கலாம் போலிருக்கிறது, வெட்டும்போது தப்பு நடக்கக் கூடாது. மாட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

#7 ஊசிஅரம்

சொல்றேன். வேலையில முக்கால்வாசி இதுதான்.

முதல்ல பழைய கம்பி இருக்கும்போதே அளவு எடுத்து எழுதி வைங்க. நெக் வளைவு எவ்வளவு, 17-ஆம் ஃப்ரெட்டுல E உயரம், G உயரம். இது இல்லைன்னா பின்னாடி என்ன மாறுச்சுன்னே தெரியாது.

புதுக் கம்பியைக் கவர்லேருந்து எடுக்கும்போது சுருளை இழுத்துப் பிரிக்காதீங்க. சைக்கிள் டயரை உருட்டுற மாதிரி சுருள் எந்தப் பக்கம் சுத்தியிருக்கோ அந்தப் பக்கமே உருட்டிப் பிரிங்க. கம்பிக்குள்ள முறுக்கு ஏறிடுச்சுன்னா மாட்டுன பிறகு சுருதி அலையும், இன்டொனேஷன் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி ஒத்து வர்றது) எங்க வச்சாலும் நிக்காது. பிரிட்ஜ்ல குண்டை நுழைச்சதும் தலைப் பக்கத்தை லூசா விட்டுப் பிடிங்க. முறுக்கு இருந்தா தானே திரும்பி வெளியேறிடும்.

இப்ப கீ பக்கம். ஃபெண்டர் வகைத் தண்டுல உச்சியில ஒரு வெட்டு, நடுவுல ஒரு குழி. கம்பியைத் தண்டு வரைக்கும் இழுத்து, அதுக்கு மேல 10லேருந்து 12 செ.மீ. விடுங்க. வெட்டுறதுக்கு முன்னாடி, வெட்டப் போற இடத்துக்கு ஒரு செ.மீ. முன்னால கம்பியைப் பிளேயரால 90 டிகிரிக்கு நல்லா மடிங்க. மடிப்புக்கு அந்தப் பக்கம் வெட்டுங்க. மடிக்காம வெட்டுனா மேல் சுத்து நடுக்கம்பி மேல வழுக்கித் தளர்ந்துடும். நடுக்கம்பி அறுகோணமா இருந்தா மூலைங்க சுத்தைப் பிடிச்சுக்கும், ஆபத்து கம்மி. வட்ட நடுக்கம்பி செட்டுல மடிக்காம வெட்டுனா அந்தக் கம்பி அப்பவே போச்சு. உங்க செட்டுல எது இருக்குன்னு பார்த்துட்டு இருக்க வேணாம், எதுன்னாலும் மடிச்சுட்டு வெட்டுங்க.

வெட்டுன முனையைக் குழிக்குள்ள அடி வரைக்கும் இறக்குங்க. வெட்டு வழியா மடிச்சுத் தண்டைச் சுத்துங்க. ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துக்குக் கீழ போகணும். E-க்கு 2 சுத்து போதும், A-க்கு 3, D, G-க்கு 3 அல்லது 4. சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா இழுக்க இழுக்க வழுக்கும், சுருதி நிக்காது.

A கம்பிதான் முக்கியம். இந்த ஹெட்ஸ்டாக்ல D, G ரெண்டையும் ஒரு சின்ன வட்டத் தகடு கீழ அமுக்கிப் பிடிச்சுக்கும். E தண்டு நட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. A-க்கு ரெண்டும் இல்லை. தண்டோட உச்சியில சுத்தி நிறுத்துனா நட்டுக்கு மேல கம்பி கிட்டத்தட்ட நேரா போகும், அழுத்தம் இருக்காது, திறந்த A-வை அடிச்சா சிதார் மாதிரி 'ஸ்ஸ்'னு இரையும். நட் பள்ளம் ஆழமாயிடுச்சுன்னு நினைச்சு நட்டையே மாத்துறவங்க உண்டு. A-வைத் தண்டோட அடிமட்டம் வரைக்கும் சுத்தி இறக்குங்க, தானா சரியாகும்.

#8 டொரன்டோகுளிர்

எல்லாம் வடிவாச் சொல்லியிருக்கிறீங்கள். ஒண்டைச் சேர்த்துச் சொல்லுறன். நாலு கம்பியையும் ஒரேயடியாக் கழட்டலாமோ, ஒண்டொண்டா மாத்த வேணுமோ எண்டு கேள்வி வரும். ஒண்டொண்டா மாத்துறதுதான் நல்லது எண்டு கனபேர் சொல்லுவினம், நெக்கில இழுவை விடுபடக் கூடாதாம்.

#9 ஊசிஅரம்

அது ஹோஃப்னர் வயலின் பேஸ் மாதிரி பிரிட்ஜ் திருகில்லாம கம்பியோட அழுத்தத்துலயே நிக்கிற பேஸுக்குச் சரி. எல்லாத்தையும் கழட்டுனா பிரிட்ஜ் கையில வந்துடும், பழைய இடம் தெரியாது. திருகுல பிடிச்ச பிரிட்ஜுக்கு அந்தப் பயம் வேணாம். ஒரு மணி நேரம் கம்பி இல்லாம இருந்தா நெக் செத்துடாது. ஃப்ரெட் ஓரத்து அழுக்கை எடுக்க அதுதான் நேரம். ரோஸ்வுட் போர்டுன்னா லெமன் ஆயில் ரெண்டு சொட்டு, துணியில. வார்னிஷ் அடிச்ச மேப்பிள்னா எண்ணெயே வேணாம், ஈரம் பிழிஞ்ச துணி போதும்.

#10 டொரன்டோகுளிர்

ஓம், திருகின பிரிட்ஜ் எண்டால் ஏற்றுக்கொள்ளுறன். கழுத்து அசையுறதுக்குக் கம்பியை விடக் காலநிலைதான் பெரிய காரணம். இங்க குளிர்காலத்தில வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடினால் காத்து வறண்டு மரம் அசையும், கோடையில திரும்பவும் அசையும். சென்னையில இருக்கிறவைக்கு மறுவளம், எந்த நாளும் ஈரம். எந்தப் பக்கம் வளையும் எண்டது அந்த அந்த மரத்தைப் பொறுத்தது, அளந்துதான் பாக்க வேணும். கம்பி மாத்தின அண்டைக்கே எல்லாத்தையும் கடைசித் திருகு வரைக்கும் முடிக்காதேங்கோ. ஒரு நாள் சுருதியில விட்டிட்டு அளவுங்கோ.

#11 மந்த்ரஸ்தாயி

ஈரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஃப்ளாட்டில் ஒரு லாபம் உண்டு. ரவுண்டில் வேர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்துவிடும், சில வாரங்களில் பளிச் போய்விடும். ஃப்ளாட்டில் உட்காரப் பள்ளமே இல்லை. முதல் சில வாரங்களில் கொஞ்சம் மந்தமாகும், பிறகு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். வாசித்த பிறகு துணியால் துடைத்தால் போதும்.

#12 பின்வரிசை

பழைய ரவுண்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா புதுசு மாதிரி ஆகும்னு ஒரு வைத்தியம் இருக்கே, அதைச் சொல்லலையா?

#13 ஊசிஅரம்

ஆகும். நாலு நாளைக்கு. பள்ளத்துல இருக்கிற பிசுக்கு கரையும், ஆனா தண்ணி உள்ள போய் நடுக்கம்பி துருப்பிடிக்கும். கழட்டி, வளைச்சு, திரும்ப மாட்டுறதுலயே கீ பக்கம் கம்பி அசந்து போகும், அறுறது அங்கதான். செய்யணும்னே இருந்தா ஸ்பிரிட்ல ஒரு ராத்திரி ஊறப் போடுங்க, தண்ணியை விட மேல். மூடி உள்ள டப்பாவுல, அடுப்புப் பக்கமே போகாம. ஃப்ளாட்டுக்கு ரெண்டும் தேவையில்லை.

#14 நாலுகம்பி

மாட்டிவிட்டேன். மாற்றும் முன் எடுத்த அளவு: வளைவு 0.30 மி.மீ., 17-ல் E 2.4, G 2.0. இப்போது சுருதி சேர்த்து ஒரு நாள் விட்டு அளந்தால் வளைவு 0.45. ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) எழும்பிவிட்டது. E கம்பி நட்டில் முழுதாக இறங்கியதா என்று சந்தேகம். முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் கொஞ்சம் சுருதி ஏறுகிறது.

#15 பின்வரிசை

ஆக்ஷன் ஏறிடுச்சுன்னா ட்ரஸ் ராடைக் கால் சுத்து இறுக்கினா இறங்கிடும். முடிஞ்சது வேலை.

#16 ஊசிஅரம்

பின்வரிசை, இப்படிச் சொல்லித்தான் ட்ரஸ் ராட் நட்டுங்க தலை தேஞ்சு போகுது. ட்ரஸ் ராட் ஆக்ஷனுக்கு இல்லை, வளைவுக்கு. இவர் விஷயத்துல வளைவே கூடியிருக்கு, அதனால இறுக்கணும், அது வேற. ஆனா எங்க நிறுத்தணும்னு ஆக்ஷனைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

வரிசை மாறாம செய்ங்க: சுருதி, வளைவு, நட், சேடில் உயரம், இன்டொனேஷன், கடைசியா பிக்கப். ஒண்ணை மாத்துனா அதுக்குப் பின்னாடி இருக்கிறது எல்லாம் மாறும், முன்னாடி இருக்கிறது அவ்வளவா மாறாது. அதான் இந்த வரிசை.

வளைவு. முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பியை அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போடுங்க, E கம்பியைக் கடைசி ஃப்ரெட்ல அழுத்துங்க. கம்பி இப்ப நேர்க்கோடு. 8-ஆம் ஃப்ரெட் உச்சிக்கும் கம்பி அடிக்கும் நடுவுல ஃபீலர் கேஜை விடுங்க. 9.5 ரேடியஸுக்கு ஃபெண்டர் சொல்றது 0.30 மி.மீ. ஃபீலர் கேஜ் இல்லையா? டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேளுங்க, டேப்பெட் செட் பண்ற அதே தகடுதான். அதுவும் இல்லைன்னா சாதாரண கிட்டாரோட 12 கேஜ் கம்பித் துண்டு, அது 0.30 தான். கம்பியைத் தூக்காம உரசிட்டுப் போகணும்.

0.45-லேருந்து இறக்க, ட்ரஸ் ராட் நட்டுப் பக்கத்துலேருந்து பார்த்துக் கடிகாரம் சுத்துற பக்கம் இறுக்குங்க. ஒரு தடவைக்கு எட்டுல ஒரு சுத்து, அதிகம் போனா கால் சுத்து. இறுக்குறதுக்கு முன்னாடி கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கிட்டா ராடுக்குச் சுமை கம்மி. திரும்ப சுருதி சேர்த்து அளங்க. ஆலன் கீ இன்ச்சா மில்லிமீட்டரான்னு பாருங்க. 3/16 இன்ச் துளையில 5 மி.மீ. போகாது, 4.5 மி.மீ. லொடலொடன்னு போகும், அந்த லொடலொடதான் மூலையை வழிச்சு எடுக்குறது. கீ அடி வரைக்கும் உட்காரணும். பலமா இறுக்கியும் திரும்பலைன்னா நிறுத்திடுங்க, அது கடைக்குப் போற வேலை.

#17 மந்த்ரஸ்தாயி

நட் பற்றி. உங்கள் பழைய E 100, புதியது 104. வித்தியாசம் 0.1 மி.மீ. தான். பல நட்டுகளில் அது தானாக இறங்கிவிடும். பார்க்கும் முறை: E கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட் மேல் கம்பியைத் தட்டிப் பாருங்கள். மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், தட்டினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சத்தமே இல்லை, கம்பி ஃப்ரெட்டில் படுத்திருக்கிறது என்றால் பள்ளம் ஆழம் கூடிவிட்டது. இடைவெளி கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் கம்பி பள்ளத்தின் இரு சுவர்களில் தொங்குகிறது, அடியைத் தொடவில்லை. முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறுவதற்கு அதுதான் காரணம். இன்டொனேஷன் திருகால் அதைச் சரிசெய்ய முடியாது.

#18 ஊசிஅரம்

பள்ளத்தை அகலப்படுத்த நட் அரம் இல்லைன்னா: உங்க பழைய செட்டோட A கம்பித் துண்டை எடுங்க, 80, அதாவது 2.03 மி.மீ. அது மேல 400 நம்பர் எமரி ஷீட்டை ஒரு சுத்து சுத்துங்க. ஷீட் ரெண்டு பக்கமும் சேர்ந்து அரை மி.மீ.க்குக் கிட்ட வரும், மொத்தம் 2.5 சொச்சம். உங்களுக்கு வேண்டியது 2.64-க்கு ஒரு மயிரிழை மேல. அஞ்சாறு தடவை இழுத்ததும் பள்ளம் தானா அந்த அளவுக்கு வந்துடும். ஹெட்ஸ்டாக் பக்கம் சாய்ச்சு இழுங்க, கம்பி நட்டை விட்டுக் கிளம்புற இடம் ஃப்ரெட் போர்டு பக்க விளிம்புல இருக்கணும். சாய்வு தலைகீழானா கம்பி நட்டுக்கு நடுவுல எங்கயோ கிளம்பும், இரையும். ரெண்டு இழுப்பு, கம்பியை வச்சுப் பாரு, திரும்ப ரெண்டு இழுப்பு. அடியைத் தோண்டாதீங்க, சுவரை மட்டும் விரிங்க.

ஆழம் கூடிப்போனா ஆப்ப சோடாவைப் பள்ளத்துல தூவி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு. கல்லாயிடும். திரும்ப ராவிக்கலாம். சுத்தி டேப் ஒட்டிட்டு செய்ங்க, சொட்டு ஃப்ரெட் போர்டுல விழுந்தா அழுகை வரும்.

#19 நாலுகம்பி

நட் சரியாகிவிட்டது, வளைவு எட்டில் ஒரு சுற்று இரண்டு முறையில் 0.30-க்கு வந்தது. அடுத்தது சேடில். 17-ல் E இப்போது 2.5, G 2.1. 12-க்கு மேல் வாசித்தால் இரைச்சல் எங்கும் இல்லை. இன்னும் இறக்கலாமா?

#20 ஊசிஅரம்

இறக்கலாம். ஃபெண்டர் எண் உங்க ரேடியஸுக்கு E பக்கம் 2.4, G பக்கம் 2.0. ஃப்ளாட் இறுக்கமான கம்பி, அதிரும்போது அகலமா வீசாது, அதனால 2.0-க்கும் 1.8-க்கும் கூட இறங்கும், ஃப்ரெட் எல்லாம் சமமா இருந்தா. ஒரு கணக்கு வச்சுக்கோங்க: சேடில்ல 1 மி.மீ. இறக்குனா 17-ல 0.6 தான் இறங்கும். சேடில் திருகு M3-ன்னா ஒரு முழுச் சுத்து அரை மி.மீ., 17-ல 0.3. ரெண்டு பக்கத் திருகையும் ஒரே அளவு திருப்புங்க, சேடில் சாஞ்சா கம்பி நழுவும்.

இரைச்சல் வந்தா எங்க வருதுன்னு கேளுங்க. 1 முதல் 5 வரைக்கும் மட்டும்னா வளைவு போதலை. 12-க்கு மேல மட்டும்னா சேடில் தாழ்வு. ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும்னா அடுத்த ஃப்ரெட் தூக்கிட்டு நிக்குது, அதை எந்தத் திருகாலயும் தீர்க்க முடியாது. ஆம்ப்ல கேட்காத இரைச்சலைத் துரத்தாதீங்க.

#21 டொரன்டோகுளிர்

G கம்பியில 5-ஆம் ஃப்ரெட்டில இருந்து 7 வரைக்கும் ஒரு சுரம் சட்டெண்டு செத்துப் போறது இருந்தால் அது கம்பியின்ர பிழை இல்லை. அது டெட் ஸ்பாட், நெக்கின்ர சொந்த அதிர்வு அந்தச் சுரத்தின்ர சக்தியை விழுங்குது. போல்ட் போட்ட மேப்பிள் நெக் பேஸ்களில கனக்க இருக்கு. புதுக் கம்பி போட்ட சந்தோசத்தில கவனிச்சுக் கேட்டால்தான் தெரியவரும், பிறகு கம்பிக்காரனைத் திட்டுவினம்.

#22 மந்த்ரஸ்தாயி

இன்டொனேஷன். வாசிக்கும் நிலையில் பேஸை மடியில் வைத்து, 12-ல் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு) அடித்து ட்யூனரில் பாருங்கள். பிறகு அதே 12-ல் அழுத்தி அடியுங்கள், வழக்கமாக அழுத்தும் பலத்தில். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் இழுங்கள், இறங்கியிருந்தால் நெக் பக்கம் தள்ளுங்கள். 34 இன்ச்சில் சேடில் 1 மி.மீ. நகர்ந்தால் ஏறக்குறைய 2 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மாறும். ஒவ்வொரு முறையும் திறந்த கம்பியைச் சுருதி சேர்த்த பிறகே மறுபடி பார்க்க வேண்டும். முடிவில் சேடில்கள் படிக்கட்டு மாதிரி நிற்கும்: G முன்னால், E எல்லாவற்றுக்கும் பின்னால். E பின்னால் போக ஸ்பிரிங் தடுத்தால் ஸ்பிரிங்கில் இரண்டு வளையத்தை வெட்டி எறியுங்கள்.

பிக்கப்புக்குக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, கம்பி அடிக்கும் காந்த உச்சிக்கும் E பக்கம் 3.2, G பக்கம் 2.4 மி.மீ.யில் தொடங்குங்கள். மீதி காது.

#23 நாலுகம்பி

A, D, G மூன்றும் ஒரு சென்ட்டுக்குள் வந்துவிட்டன. E மட்டும் 12-ல் 6 சென்ட் ஏறி நிற்கிறது. கணக்குப்படி 3 மி.மீ. பின்னால் போக வேண்டும், சேடிலுக்கு அவ்வளவு இடம் இல்லை. ஸ்பிரிங்கை வெட்டலாமா?

#24 ஊசிஅரம்

பொறுங்க, வெட்டாதீங்க. பழைய 100 அங்க சரியா நின்னிருக்கு, 104-க்கு 3 மி.மீ. வித்தியாசம் வராது. கம்பி சேடிலைத் தாண்டுற இடத்தைப் பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க. புதுத் தடிமன் கம்பி சேடில் மேல மடங்காம ஒரு வில்லு மாதிரி எழும்பி, அரை செ.மீ. தள்ளித்தான் நேராகும். அந்த வில்லு அதிராது, அதனால பேசுற நீளம் உண்மையில குறைவா இருக்கும். கட்டை விரலால சேடிலுக்கு முன்னாடி ஒட்டி நல்லா அழுத்துங்க, நட்டுக்கு முன்னாடியும் அதே மாதிரி. ஃப்ளாட்டுங்கிறதால நகத்தாலயோ திருப்புளியாலயோ அழுத்தக் கூடாது, நாடாவுல தழும்பு விழும். திரும்ப சுருதி சேர்த்துப் பாருங்க.

#25 நாலுகம்பி

அழுத்தினேன். சுருதி அரைச் சுரத்துக்கும் மேல் இறங்கியது. மறுபடி சேர்த்துப் பார்த்தால் 12-ல் 1 சென்ட். திருகைத் தொடவே இல்லை.